கெல்டிக் புனைமொழியில் கேட்பதும் பதில் சொல்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக, கெல்டிக் மொழிகளின் அடியொற்றி ஒரு சிறிய புனைமொழியைக் கட்டி வருகிறேன். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே வகைச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: ‘இதில் எப்படிக் கேள்வி கேட்பது? ஆமாம், இல்லை என்பதற்கு என்ன சொல்?’ இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கும் இறங்க நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தக் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வல்லெழுத்தின் வன்மையான ஒலிக்கும் குழைந்த ஒலிக்கும் தமிழில் தனித்தனி எழுத்து கிடையாது. ‘கல்’லிலும் ‘பகல்’லிலும் ஒரே ‘க’தான். அதனால் மாற்றம் கண்ணுக்கே தெரியும் உதாரணங்களாக (ப வ ஆவது, ப ம ஆவது, க அடியோடு மறைவது) பார்த்து எடுத்திருக்கிறேன்.

புனைமொழி என்றால் என்ன? கெல்டிக் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டு ஆக்கிய மொழி புனைமொழி. செயற்கை மொழி என்றும் சொல்வார்கள். கெல்டிக் குடும்பத்தில் இன்று பேசப்படுபவை ஆறு. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மேங்க்ஸ் மூன்றும் ஒரு கிளை. வேல்ஷ், பிரெத்தான், கார்னிஷ் மூன்றும் இன்னொரு கிளை. இவற்றில் மேங்க்ஸும் கார்னிஷும் தாய்மொழியாகப் பேசியவர்கள் மறைந்தபின் மீட்டெடுக்கப்பட்டவை. மேங்க்ஸின் கடைசித் தாய்மொழியாளர் நெட் மேட்ரல் 1974-இல் இறந்தார். கார்னிஷ் மீட்சிக்கு 1904-இல் ஹென்றி ஜென்னர் வெளியிட்ட கையேடு தொடக்கமாக அமைந்தது. மீட்பதும் புனைவதும் ஒன்றல்ல. ஆனால் சான்று இல்லாத இடத்தை எப்படி நிரப்புவது என்ற சிக்கல் இரண்டுக்கும் பொது.

புனைமொழிகளில் நன்றாக அறியப்பட்டது, 1996-இல் ஆண்ட்ரூ ஸ்மித் தொடங்கிய பிரிதெனிக். பிரிட்டனில் கெல்டிக்கின் இடத்தை லத்தீன் பிடித்து, வேல்ஷ் நடந்த ஒலிவழியிலேயே அதுவும் நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை அது. சொற்கள் லத்தீன், ஒலி வேல்ஷ். இதற்கு நேர்மாறாக, பண்டைய பிரான்சுப் பகுதியில் பேசப்பட்டு அழிந்துபோன கௌலிஷ் என்ற கெல்டிக் மொழியை இன்றைய பேச்சுக்கு வளர்த்தெடுக்கும் முயற்சிகளும் உண்டு.

முதலில் எதைச் செய்ய வேண்டும்? ‘ஆமாம்’, ‘இல்லை’ என்ற சொற்களையா?

வேண்டாம். நான் அங்கேதான் தவறினேன். என் முதல் சொற்பட்டியலின் முதல் இரண்டு வரிகள் ‘ஆமாம்’, ‘இல்லை’. இரண்டுக்கும் காதுக்கு இனிய ஒலிகளாகத் தேடி வைத்தேன். பிறகு நாற்பது வரி உரையாடல் ஒன்றை எழுதி வாய்விட்டுப் படித்தேன். சொல் ஒவ்வொன்றும் கெல்டிக்காக இருந்தது. பேச்சில் கெல்டிக் இல்லை. எங்கே பிழை என்று பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இரண்டு பேர் பேசும்போது மொழியின் முகம் தெரிவது பதிலில்தான். அந்த இடத்தில் நான் வேறு குடும்பத்தின் முகத்தை ஒட்ட வைத்திருந்தேன்.

முதலில் ஒரே ஒரு வினைச்சொல்லை எடுங்கள். அதற்குக் கேள்வி வடிவம், ‘உண்டு’ என்னும் பதில், மறுக்கும் பதில் மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள். இவை மூன்றும் ஒரே பொருளின் மூன்று பக்கங்கள்; தனித்தனியாகச் செய்தால் ஒட்டாது.

கெல்டிக் மொழிகளில் ‘ஆமாம்’ என்ற சொல்லே இல்லையா?

ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக் இரண்டிலும் பொதுவான ‘ஆமாம்’, ‘இல்லை’ கிடையாது. கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வதுதான் பதில். ‘புரிகிறதா உனக்கு?’ என்று ஐரிஷில் கேட்டால் ‘துகிம்’, அதாவது ‘புரிகிறது எனக்கு’ என்று வரும். கேள்வியில் முன்னிலையாக இருந்தது பதிலில் தன்மையாகிறது.

தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ‘சாப்பிட்டாயா?’ ‘சாப்பிட்டேன்.’ ‘வருவாயா?’ ‘வருவேன்.’ இங்கே ‘ஆமாம்’ சொன்னாலும் தவறில்லை, ஆனால் அது இல்லாமலே பதில் முழுமையாக இருக்கிறது. நம் ‘ஆம்’ கூட ‘ஆகும்’ என்ற வினையின் சுருக்கம்தானே. ‘இல்லை’யும் ‘இல்’ என்ற வினையடியில் பிறந்தது.

வேல்ஷில் ‘ஆமாம்’ என்பதற்கு ஏன் இத்தனை சொற்கள் என்று புதிதாகப் படிப்பவர்கள் திகைப்பார்கள். ‘நீ நலமா இருக்கிறாயா?’ என்றால் ‘அதூ’ (இருக்கிறேன்). ‘அவள் இங்கே இருக்கிறாளா?’ என்றால் ‘அதி’ (இருக்கிறாள்). ‘ரொட்டி இருக்கிறதா?’ என்றால் ‘ஓய்ஸ்’ (உண்டு). ‘நான் போகலாமா?’ என்றால் ‘கெய்’; சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பெறுவாய்’. இவற்றை ‘ஆமாம்’ என்பதன் பல வடிவங்களாக மனப்பாடம் செய்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வினைமுற்றாகப் பார்த்தால் பாரமே இல்லை. ‘போகலாமா?’ ‘போகலாம்’ என்று நாமும் அதைத்தானே செய்கிறோம்.

ஐரிஷில் ‘ஷா’, வேல்ஷில் ‘யே’ என்று கேட்டிருக்கிறேனே? அவை ‘ஆமாம்’ இல்லையா?

அவை ஒரு குறிப்பிட்ட வகைக் கேள்விக்கு உரியவை. ஐரிஷின் ‘ஷா’ என்பது ‘இஸ் அ’ என்ற இரு சொற்களின் சேர்க்கை: ‘அதுதான்’. ‘நீ ஆசிரியரா?’ என்று பெயர்ச்சொல்லைக் கொண்டு கேட்டால் ‘ஷா’. மறுக்க ‘நீ ஹா’. (இந்த ‘நீ’ நம் முன்னிலை ‘நீ’ இல்லை, ஐரிஷில் அது மறுப்பு இடைச்சொல். இனி வரும் உதாரணங்களிலும் அப்படியே கொள்ளுங்கள்.) வேல்ஷில் ‘யே’, ‘நாகே’ என்பன ஒரு சொல்லை மட்டும் அழுத்திக் கேட்கும் கேள்விகளுக்கு. எளிய இறந்தகாலக் கேள்விகளுக்கு மட்டும் வேல்ஷில் எல்லா இடத்துக்கும் ஒரே இணை: ‘தோ’, ‘நாதோ’. ‘பார்த்தாயா?’ ‘தோ.’ ‘பார்த்தார்களா?’ ‘தோ.’

பிரெத்தானில் ‘யா’, ‘நான்’ என்ற பொதுச்சொற்கள் உண்டு. கூடவே, எதிர்மறையாகக் கேட்டதை வெட்டிப் பேச ‘கேயோ’ என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. ஆகவே உங்கள் மொழியில் ஒரு பொதுச்சொல் இருந்தால் அது குற்றமில்லை. அதை முதலில் வைத்து மற்றதைக் கட்டாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

சரி, வாக்கியம் எப்படிக் கேள்வியாகிறது?

இரண்டு வேலைகள் நடக்கின்றன. வினைக்கு முன்னால் ஓர் இடைச்சொல் வருகிறது. அது வந்ததும் வினையின் முதலெழுத்து மாறுகிறது. நாம் ‘ஆ’வை வினையின் வாலில் கட்டுகிறோம், அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். வினை நமக்கு வாக்கியத்தின் கடைசியில், அவர்களுக்கு முதலில். அந்தந்த மொழியில் வினையின் வெளிப்புற ஓரம் எதுவோ, அங்கேதான் கேள்வி ஒட்டிக்கொள்கிறது.

ஐரிஷில் ‘இருப்பேன், இருப்பாய், இருப்பான்’ என்ற எதிர்கால வினைக்குப் ‘பெய்’ என்று ஒரு சொல்.

‘நீ இருப்பாயா?’: ஆன் மெய் தூ?
‘இருப்பேன்’: பெய்.
‘இருக்க மாட்டேன்’: நீ வெய்.

பெய், மெய், வெய். கேள்வி இடைச்சொல் ‘ஆன்’ வந்தால் ப, ம ஆகிறது. மறுப்பு இடைச்சொல் வந்தால் ப, வ ஆகிறது. எதுவும் முன்னால் வராத உடன்பாட்டுப் பதிலில் மட்டும் ‘பெய்’ தன் சொந்த உருவத்தோடு நிற்கிறது. ஒரு மெய்யெழுத்தைக் கேட்டாலே இது கேள்வியா, ஒப்புதலா, மறுப்பா என்று தெரிந்துவிடுகிறது. கெல்டிக் மொழிகள் மேல் எனக்குத் தீராத பிடிப்பு வந்ததற்கு இந்த மூன்று சொற்களே காரணம்.

வேல்ஷில் இடைச்சொல் ‘ஆ’. ‘குவெலி’ என்றால் பார்க்கிறாய். கேள்வியில் அது ‘ஆ வெலி தி?’. முதலில் இருந்த க மறைந்துவிட்டது. பதிலில் திரும்பி வருகிறது: ‘குவெலாவ்’, பார்க்கிறேன். இன்றைய பேச்சு வேல்ஷில் அந்த ‘ஆ’வையும் விட்டுவிடுவார்கள், வெறும் ‘வெலி தி?’ என்பார்கள். இடைச்சொல் போய்விட்டது, அது செய்த மாற்றம் மட்டும் நிற்கிறது. கேள்வி என்று காட்ட அதுவே போதும்.

முதலெழுத்து மாறுவது ஏன்? அதைப் புனைமொழியில் எப்படி நியாயப்படுத்துவது?

நம் புணர்ச்சி இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். நிலைமொழியின் ஈறு, வருமொழியின் முதலைத் தொடும் இடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள். கெல்டிக்கிலும் மூன்றையும் காணலாம். ‘பெய்’ ‘மெய்’ ஆனது திரிதல். ‘குவெலி’ ‘வெலி’ ஆனது கெடுதல். ‘அ’ என்ற சொல் ‘நீ’க்குப் பின் ‘ஹா’ ஆனது தோன்றல்.

காரணமும் நமக்குப் பழகியதுதான். ‘கல்’லில் வன்மையாக ஒலிக்கும் க, ‘பகல்’லில் இரண்டு உயிர்களுக்கு நடுவே குழைகிறது. பழைய கெல்டிக்கில் முன்சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால், அந்த மெய்யும் இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக் குழைந்தது. முன்சொல் மூக்கொலியில் முடிந்தால் அடுத்த மெய் மூக்கொலி ஏறியது. பிறகு அந்த ஈறுகள் தேய்ந்து போயின. காரணம் போனபின்னும் விளைவு நின்றுவிட்டது. அதற்கு இலக்கணப் பொருளும் வந்துவிட்டது. ஐரிஷில் ‘பாத்’ என்றால் படகு. ‘அ வாத்’ அவனுடைய படகு, ‘அ பாத்’ அவளுடைய படகு, ‘அ மாத்’ அவர்களுடைய படகு. முன்னால் நிற்கும் ‘அ’ மூன்றிலும் ஒன்றே.

தமிழின் வினாச்சொற்களும் அடுத்த சொல்லின் தலையில் கை வைப்பவைதான். ‘எந்தக் கதவு?’ என்றால் வல்லினம் மிகும். ‘என்ன கதவு?’ என்றால் மிகாது. ‘வந்தானா கண்ணன்?’ என்று வினா ‘ஆ’வுக்குப் பின்னும் மிகாது. எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இந்தத் திரிபுகள் அந்நியமாக இருக்கக் காரணமில்லை.

ஆகவே உங்கள் மொழியின் இடைச்சொல்லுக்கு ஒரு பழைய வடிவத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது உயிரில் முடிந்ததா, மூக்கொலியிலா என்று தீர்மானித்தால் திரிபு தானாக அமையும். ‘இங்கே திரிபு இருந்தால் அழகாக இருக்கும்’ என்று தூவினால் பத்து வாக்கியத்துக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வியில் வினைச்சொல்லே வேறாகிவிடுமா?

சில வினைகளில் ஆகும். ஐரிஷில் ‘இருக்கிறது’ என்பது ‘தா’. கேள்வி ‘ஆன் வில்?’, மறுப்பு ‘நீல்’. இறந்தகாலத்தில் ‘வீ’ என்பது கேள்வியில் ‘ரெவ்’. வேல்ஷில் ‘இருக்கிறது’ என்று சொல்ல ‘மாய்’. கேட்கும்போது, குறிப்பிட்ட ஒருவரையோ ஒன்றையோ பற்றியானால் ‘அதி’, பொதுவாக ஏதேனும் உண்டா என்றால் ‘ஓய்ஸ்’.

புனைமொழியில் இப்படி இரண்டு மூன்று வினைகள் போதும்: ‘இரு’, ‘போ’, ‘பார்’ மாதிரி தினமும் புழங்குபவை. புழக்கம் மிகுந்த சொல்தான் பழைய ஒழுங்கின்மையைக் காப்பாற்றி வைத்திருக்கும். எப்போதோ ஒருமுறை வரும் வினைக்கு இரட்டை உருவம் கொடுத்தால் இயல்பாக இராது.

இறந்தகாலத்தில்?

ஐரிஷில் ‘ரோ’ என்ற பழைய இடைச்சொல் முற்றுப்பெற்ற செயலைக் குறித்தது. அது கேள்வி, மறுப்பு இடைச்சொற்களோடு கரைந்து அவற்றின் வாலில் ஒரு ‘ர்’ ஆக மட்டும் மிஞ்சியது. அதனால் ‘ஆன்’ இறந்தகாலத்தில் ‘எர்’, ‘நீ’ இறந்தகாலத்தில் ‘நீர்’. ‘உடைத்தாயா?’ ‘எர் வ்ரிஷ் தூ?’ ‘வ்ரிஷ்’ (உடைத்தேன்) அல்லது ‘நீர் வ்ரிஷ்’. மேலே சொன்ன ‘ரெவ்’ போன்ற சில வினைகள் மட்டும் இதில் சேராமல் பழைய ‘ஆன்’ஐயே வைத்திருக்கின்றன. காலம் வினையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை, கேட்கும் சொல்லிலும் ஏறலாம் என்பது என் மொழிக்கு நான் மனமார எடுத்துக்கொண்ட பாடம்.

‘வரவில்லையா?’ மாதிரி எதிர்மறைக் கேள்விக்கு என்ன பதில்?

தமிழில் இது குழப்பம் தரும் இடம். ‘நீ வரவில்லையா?’ என்றால் ஒருவர் ‘ஆமாம், வரவில்லை’ என்பார், இன்னொருவர் ‘இல்லை, வரவில்லை’ என்பார். வெறும் ‘ஆமாம்’ மட்டும் வந்தால் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். வினையை எதிரொலித்தால் இந்தச் சிக்கலே எழாது. ஐரிஷில் எதிர்மறைக் கேள்விச்சொல் ‘நாக்’ போன்று ஒலிக்கும் ஒன்று. ‘நீ நலமாக இல்லையா?’ என்று கேட்டால் ‘தா’ அல்லது ‘நீல்’. இருக்கிறேன், இல்லை, அவ்வளவுதான். கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் பதில் அசைவதில்லை.

‘நீயா வந்தாய்?’ என்று ஒரு சொல்லை அழுத்திக் கேட்பது எப்படி?

நமக்கு ‘ஆ’வை இடம் மாற்றினால் முடிந்தது: நீயா வந்தாய், நேற்றா வந்தாய், வந்தாயா. கெல்டிக்கில் அழுத்த வேண்டிய சொல்லை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவந்து, மீதியைப் பெயரெச்சம் போல ஆக்குவார்கள்: ‘நீதானா வந்தது?’ என்பதற்கு மிக நெருக்கமான அமைப்பு. வேல்ஷில் இதற்கு ‘அய்’ என்று தனி இடைச்சொல்.

பதிலும் மாற வேண்டும். இங்கே கேட்கப்பட்டது வந்தாயா என்பதில்லை. வந்தது நீயா என்பது. அதனால் வினையை எதிரொலிக்கக் கூடாது. ‘ஷா’வும் ‘யே’யும் வேலை செய்யும் இடம் இதுதான். புனைமொழி செய்பவர்களில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எல்லாக் கேள்விக்கும் வினை எதிரொலிதான் என்று ஒரே விதி எழுதிவிடுகிறார்கள். விட்டால் மொழியின் பாதி உயிர் போய்விடும்.

யார், என்ன, எங்கே போன்ற சொற்கள்?

தமிழ் வினாச்சொற்கள் எ, யா என்று தொடங்குவது போல, அவர்களுக்கும் ஒரு குடும்ப எழுத்து உண்டு. இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல கெல்டிக்கில் ‘க்வ்’ என்ற ஒலி. ஐரிஷ் கிளையில் அது ‘க’ ஆனது: யார் ‘கே’, எங்கே ‘கா’, என்ன ‘காட்’. வேல்ஷ் கிளையில் ‘ப’ ஆனது: யார் ‘புய்’, எந்த ‘பா’, எப்போது ‘ப்ரித்’, ஏன் ‘பாம்’. இதே பிளவுதான் ‘நான்கு’, ‘ஐந்து’ என்ற எண்களிலும்: ஐரிஷில் க, வேல்ஷில் ப. உங்கள் மொழி எந்தக் கிளை என்பதை ‘யார்’ என்ற ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

வேல்ஷில் ‘என்ன’ என்பதன் கதை எனக்கு மிகப் பிடிக்கும். ‘பெத்’ என்றால் ‘பொருள்’. ‘பா பெத்’ என்றால் ‘என்ன பொருள்?’. ‘பா’வுக்குப் பின் ‘பெத்’தின் முதலெழுத்து குழைந்தது. காலப்போக்கில் கேள்வி கேட்ட ‘பா’வே விழுந்துவிட்டது. குழைந்த ‘பெத்’ மட்டும் இன்று ‘என்ன?’ என்று தனியே நிற்கிறது.

இந்தச் சொற்களுக்குப் பின் வாக்கியம் ‘வந்தது யார்?’ என்ற அமைப்பில் தொடரும். பதிலில் அந்த இடத்துக்குரிய சொல்லை மட்டும் சொன்னால் போதும். ஐரிஷில் ‘யார் அங்கே?’ என்றால் வெறும் ‘நான்’ (‘மே’) என்று வராது. ‘மிஷ’ என்று வரும். நம் ‘நான்தான்’.

கௌலிஷை அடிப்படையாக வைத்தால் சான்று கிடைக்குமா?

கிடைப்பது எல்லாம் கேள்வி கேட்காத எழுத்துகள். பிரான்சின் கொலின்யியில் 1897-இல் கிடைத்த வெண்கல நாட்காட்டி, லார்சாக்கில் 1983-இல் கிடைத்த மந்திர ஈயத்தகடு, லா கிரொஃபசாங்க் குயவர்களின் சூளைக் கணக்கு, தெய்வங்களுக்கான காணிக்கை வரிகள். கணக்கும் காணிக்கையும் சாபமும் எழுதுபவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

இருந்தாலும் கைக்கு வருவதைக் கவனமாக எடுக்கலாம். அந்தச் சூளைக் கணக்கில் வரிசை எண்கள் இருக்கின்றன: ‘அல்லோஸ்’ இரண்டாவது, ‘பெத்துவாரியோஸ்’ நான்காவது, ‘பின்பெத்தோஸ்’ ஐந்தாவது. நான்கும் ஐந்தும் ப-வில் தொடங்குகின்றன. எனவே ‘யார்’ என்பதும் ப-வில் தொடங்கட்டும் என்று துணிந்து முடிவெடுக்கலாம். நூல் நூற்கும் கதிரில் மாட்டும் சிறு வில்லைகளில் பெண்களிடம் பேசும் வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று: ‘நாத்தா விம்பி, குர்மி தா’. ‘அழகிய பெண்ணே, பீர் தா’ என்று பொருள். இன்னொன்றில் ‘கபி’, ‘எடுத்துக்கொள்’. பேச்சின் சூடு ஆறாத வினைகள் இவை. எதிரொலிப் பதிலுக்கு இப்படிப்பட்ட வினைகள்தான் வேண்டும்.

கௌலிஷிலும் ‘தா’ என்றால் தா! தமிழுக்கும் கெல்டிக்குக்கும் உறவா?

இல்லை. கெல்டிக் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், தமிழ் திராவிடக் குடும்பம். ‘தா’வும் வினா ‘ஆ’வும் தற்செயல் ஒற்றுமைகள். ரசிக்கலாம், அதன் மேல் வீடு கட்டக் கூடாது.

வால்கேள்வி, இதுவா அதுவா, மறைமுகக் கேள்வி?

சுருக்கமாக. ‘அல்லவா?’ என்ற வாலுக்கு அதே வினையின் எதிர்மறைக் கேள்வியை ஒட்டுங்கள்; ஐரிஷ் அப்படித்தான் செய்கிறது. ‘இதுவா அதுவா’வுக்கு ஒரு ‘அல்லது’ போதும். ‘வருவாயா என்று கேட்டான்’ மாதிரி வாக்கியங்களில் அதே கேள்வி இடைச்சொல் அப்படியே உள்ளே தொடரலாம். நம் ‘ஆ’வும் அப்படித்தான் நிற்கிறது.

உங்கள் மொழியில் ஓர் உரையாடலைக் காட்டுங்கள்.

என் மொழியில் ‘பெர்’ என்றால் சும. மூல கெல்டிக்கிலும் அந்த வினையடிக்கு அதே பொருள். பெரிம் சுமக்கிறேன், பெரி சுமக்கிறாய், பெரெத் சுமக்கிறாள். ‘தூப்ர்’ தண்ணீர், ‘மீ’ நான், ‘தீ’ நீ. வினைக்கு முன் வரும் இடைச்சொற்கள் நான்கு: கேட்க ஆ, மறுக்க நீ, எதிர்மறையாகக் கேட்க நாக், முடிந்த செயலுக்கு ரோ. நான்கும் அடுத்த மெய்யைக் குழைக்கும். ‘ரோ’ மற்ற மூன்றோடு சேர்ந்தால் ஆர், நீர், நார்.

ஆ வெரி தூப்ர்? (தண்ணீர் சுமக்கிறாயா?)
பெரிம். (சுமக்கிறேன்.)
ஆர் வெரி அல்லோ? (இரண்டாவதைச் சுமந்தாயா?)
நீர் வெரிம். (சுமக்கவில்லை.)
பிஸ் அ ரோ வெரெத்? ஆன் தீ? (சுமந்தது யார்? நீயா?)
நீஸ். (நானில்லை.)
நாக் வெரி, மா? (நீ சுமப்பதில்லையா, அப்படியானால்?)
பெரிம்! (சுமக்கிறேனே!)

கடைசி வரியைக் கவனியுங்கள். உரையாடல் முழுக்க வெ, வெ என்று குழைந்து வந்த எழுத்து, ஒப்புக்கொள்ளும் இரண்டு இடங்களில் மட்டும் ‘பெ’ என்று திறந்து ஒலிக்கிறது. என் மொழியில் ம-வும் குழைந்தால் வ ஆகும். ஆகவே கேள்வியில் ‘வெரி’ என்று கேட்பவருக்கு மூலச்சொல் பெரியா மெரியா என்று ஐயம் வரலாம். பதில் வந்ததும் அது தீர்ந்துவிடும்.

செய்த கேள்வி-பதில் முறை சரியா என்று எப்படிச் சோதிப்பது?

நான் நன்னூலை வைத்துச் சோதிக்கிறேன். விடையை அது எட்டாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. ‘ஆ வெரி தூப்ர்?’ என்ற கேள்விக்கு எட்டில் பொருந்தும் அத்தனையிலும் பதில் எழுதிப் பாருங்கள். ‘சுமக்கிறேன்’ நேர். ‘சுமக்கவில்லை’ மறை. ‘நீயே சும’ ஏவல். ‘சுமக்காமல் இருப்பேனா?’ எதிர்வினா. ‘தோள் வலித்தது’ உற்றது. ‘தோள் வலிக்கும்’ உறுவது. ‘விறகு சுமக்கிறேன்’ இனமொழி. ‘ஆமாம்’ என்ற சொல்லுக்கு வேலை இருப்பது நேர் என்ற ஒன்றில்தான், அங்கேயும் வினையே அதைச் செய்துவிடுகிறது. என் மொழியை இதில் முதன்முதலாக நிறுத்தியபோது எதிர்வினாவில் தடுக்கி விழுந்தது. நானே என்னைக் கேட்டுக்கொள்ளும் வடிவம் என்னிடம் இல்லை. ‘நாக் வெரிம்?’ என்பது அன்று பிறந்தது.

ஒரே கேள்வியில் இரண்டு வினை வந்தால் எதை எதிரொலிப்பது?

‘போய்ப் பார்த்தாயா?’ என்றால் நாம் ‘பார்த்தேன்’ என்போம். கடைசி வினைதான் முற்று, எச்சமாக நிற்கும் ‘போய்’ பதிலுக்கு வராது. தமிழ்க் காது பழக்கத்தில் என் மொழியிலும் கடைசி வினையையே எதிரொலித்துக்கொண்டிருந்தேன். ஆனால் கெல்டிக் அமைப்பில் இடைச்சொல்லை அடுத்து வரும் முதல் வினைதான் முற்று. பின்னால் வருவது தொழிற்பெயர். ‘போனாயா, பார்ப்பதற்கு?’ என்ற வரிசை. பதில் ‘போனேன்’ என்று இருக்க வேண்டும். பழைய உரையாடல்களை எடுத்து, இடைச்சொல்லை ஒட்டி நிற்கும் வினை எதுவோ அதை மட்டும் எதிரொலிக்கும்படி ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறேன்.